மென்பொருள் தொழிலும் அரசின் துணையும்

சென்ற தை மாதத்தில் என் பழைய மாணவன் ஒருவன் தன் தங்கையின் திருமணத்துக்கு என்னை அழைத்திருந்தான். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டுடன் திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில், என்னிடம் ஒரே வகுப்பில் படித்த இருவர் என் முன்னிலையிலேயே வழக்காடத் தொடங்கினர். ஒருவன் சென்னைச் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகின்றவன். மற்றவன் மாவட்டத் தலைநகரில் அரசு அலுவலன். "எங்கள் தொழில் யாருடைய தயவாலும் வளர்ந்ததில்லை, அரசாங்கம் கண்டுகொள்ளாமல் விட்டதே எங்களுக்குச் செய்த பேருதவி" என்றான் முன்னவன். "நீ படித்த பள்ளி யாருடையது? உன் நிறுவனம் இருக்கும் நிலம் யார் கொடுத்தது? பல ஆண்டுகள் அதற்கு வரி விலக்கு அளித்தவர் யார்?" என்றான் பின்னவன். சிறிது நேரம் சென்றதும் இருவரும், "ஐயா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று என் பக்கம் திரும்பினர்.

வாழ்நாள் முழுவதும் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு, படிகளைக் காட்டாமல் விடை சொல்லும் வழக்கம் இல்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறி வீடு திரும்பினேன். பின்னர் நூல்களையும் அரசின் கொள்கை அறிக்கைகளையும் புரட்டிப் பார்த்தேன். அவற்றிலிருந்து நான் அறிந்துகொண்டதை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இத்தொழில் யாது என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஆரணியிலும் காஞ்சிபுரத்திலும் கூலி நெசவு என்று ஒரு முறை உண்டு. முதலாளி பட்டு நூலையும் சரிகையையும் கொடுத்து, இன்ன நிறம், இன்ன கரை என்று சொல்லிவிடுவார். நெசவாளர் தம் வீட்டுத் தறியில் நெய்து புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி பெறுவார். புடவை முதலாளிக்கு உரியது. கைத்திறன் நெசவாளருக்கு உரியது. மென்பொருள் அயல்பணி என்பதும் இத்தகையதே. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஒரு வங்கிக்குக் கணக்குகளைக் கணினியில் நடத்தும் கட்டளைத் தொகுப்பு வேண்டும். அத்தொகுப்பையே மென்பொருள் என்கிறோம். அதனை எழுதவும், பழுது பார்க்கவும், காலத்துக்கேற்ப மாற்றவும் ஆகும் வேலையை அந்த வங்கி நம் நாட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கிறது. முடிந்த வேலை வங்கிக்கு உரியது. நமக்குக் கிடைப்பது கூலி. ஆனால் அது நல்ல கூலி.

நெசவாளருக்குத் தறி வேண்டும்; நெய்ததைக் கொண்டு சேர்க்கும் வழி வேண்டும்; தறி போட இடம் வேண்டும்; எல்லாவற்றுக்கும் முன்பாகத் தொழில் தெரிந்த கை வேண்டும். மென்பொருள் தொழிலுக்கும் இந்நான்கும் வேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் அரசு செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்று வரிசையாகப் பார்ப்போம்.

தறியிலிருந்து தொடங்குவோம். 1970-ஆம் ஆண்டு இந்திய அரசு மின்னணுத் துறை என்று தனித் துறை ஒன்றை நிறுவிற்று. அக்காலத்தில் கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரம். விலையோ பல லட்சம் ரூபாய். அயல்நாட்டிலிருந்து அதனை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அதுவோ நாட்டில் அரிதாக இருந்தது. ஆகையால் இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடும் உயர்ந்த சுங்க வரியும் இருந்தன. இந்நிலையில் 1972-இல் அரசு ஒரு திட்டத்தை வகுத்தது. மென்பொருளை ஏற்றுமதி செய்ய விரும்பும் நிறுவனம் கணினியை இறக்குமதி செய்துகொள்ளலாம். ஆனால் அதற்குச் செலவான அந்நியச் செலாவணியைப் போல் இருமடங்கை ஐந்து ஆண்டுகளுக்குள் ஏற்றுமதியால் ஈட்டித் தரவேண்டும். அத்திட்டத்தின் சாரம் இதுவே.

இந்த நிபந்தனையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அரசு இங்கே பணத்தை வாரி வழங்கவில்லை; மூடியிருந்த கதவைச் சிறிதளவு திறந்து, திறந்ததற்கு ஈடாக ஒரு கடமையையும் விதித்தது. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 1974-இல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்துக்காக மென்பொருள் வேலையை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டு மென்பொருள் ஏற்றுமதியின் தொடக்கம் என்று வரலாற்றாசிரியர்கள் அதனையே குறிப்பிடுகின்றனர்.

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தம் பங்கினை 40 விழுக்காட்டுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திற்று. அதற்கு இணங்காத ஐ.பி.எம். நிறுவனம் 1978-இல் நாட்டை விட்டு வெளியேறிற்று. அது விட்டுச் சென்ற இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓடவைக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனத்தின் மேல் விழுந்தது. பலவகை இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய அப்பொறியாளர்கள் பிற்காலத்தில் இரயில்வேயின் பயணச்சீட்டு முன்பதிவுக்குக் கணினி முறையை அமைத்தனர். 1980-களின் நடுவில் அது தில்லியில் தொடங்கி மற்ற நகரங்களுக்குப் பரவிற்று. இரவெல்லாம் வரிசையில் நின்று சீட்டு வாங்கிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான்; அம்மாற்றத்தின் அருமையை அறிவேன். அரசு ஒரு தொழிலுக்குத் துணை செய்யும் வழிகளுள் இதுவும் ஒன்று. சலுகை தருவதற்குப் பதிலாக, கடினமான ஒரு வேலையைத் தருதல் என்று இதனைச் சொல்லலாம். கடினமான வேலையில் பழகிய கைக்குப் பிறகு எந்த வேலையும் எளிதாகும்.

ஆயினும் 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலும் ஏற்றுமதி மிகச் சிறிதாகவே இருந்தது. காரணம் யாது? தறிக்கு விலை அதிகம். நெய்த துணியைக் கொண்டு சேர்க்க வழியும் இல்லை. ஆகவே நம் நிறுவனங்கள் துணிக்குப் பதில் நெசவாளரையே கப்பலேற்றின! பொறியாளர்கள் விமானமேறிச் சென்று, வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே மாதக்கணக்கில் அமர்ந்து, அவருடைய கணினியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினர். சிலர் திரும்பாமலும் இருந்துவிட்டனர். 1980-களின் இறுதி வரையில் நம் மென்பொருள் ஏற்றுமதியின் பெரும்பகுதி இவ்வாறே நடந்தது. இதனால் உள்ளூரில் வேலைவாய்ப்புப் பெருகவில்லை.

1984 நவம்பரில், இராஜீவ் காந்தி பிரதமரான சில நாட்களுக்குள், புதிய கணினிக் கொள்கை வெளியாயிற்று. 100 விழுக்காட்டையும் தாண்டியிருந்த கணினி இறக்குமதி வரி 60 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மென்பொருள் ஆக்கமும் ஒரு தொழில் என்று ஏற்கப்பட்டது. இது வெறும் பெயர் மாற்றம் என்று எண்ணாதீர்கள். தொழில் என்று ஏற்கப்பட்டால்தான் பிற தொழில்களுக்குரிய சலுகைகளும் வங்கிக் கடனும் கிடைக்க வழியுண்டு. கண்ணால் காணமுடியாத, எடை போடமுடியாத ஒன்றை நம்பிக் கடன் கொடு என்று வங்கி மேலாளரிடம் கேட்பது அந்நாளில் எவ்வளவு கடினமாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! 1986-இல் மென்பொருளுக்கென்றே தனிக்கொள்கை ஒன்றும் வெளிவந்தது.

இனி வழியைப் பற்றிப் பேசுவோம். அக்காலத்துத் தொலைபேசியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய ஊரில், வெளியூருக்குப் பேசவேண்டுமானால் தபால் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு மரத்தடியில் காத்திருக்க வேண்டும். காலையில் பதிவு செய்தால் மாலையில் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைத்தபின் "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கூவுவதிலேயே மூன்று நிமிடமும் கழிந்துவிடும். இத்தகைய கம்பி வழியாகக் கணினிக் கட்டளைகளைக் கடலுக்கு அப்பால் அனுப்புவது எங்ஙனம்?

1985-இல் பெங்களூரில் நிலையம் தொடங்கிய டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகத் தன் தாய் நிறுவனத்துடன் தொடர்பு கொண்டது. பெரிய நிறுவனம், அதனால் அச்செலவைத் தாங்கிற்று. பத்துப் பேருடன் தொழில் தொடங்கும் நம் இளைஞர் என்ன செய்வர்? இந்த இடத்தில்தான் அரசு செய்த உதவிகளுள் தலையாயது வருகிறது. 1990-இல் பெங்களூர், புனே, புவனேசுவரம் ஆகிய மூன்று ஊர்களில் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. 1991 ஜூன் மாதத்தில் அவை ஒன்றிணைக்கப்பட்டு, இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா நிறுவனம் உருவாயிற்று. மின்னணுத் துறையின் செயலாளராக அப்போது இருந்த என். விட்டல் என்னும் அதிகாரி இம்முயற்சியில் முன்நின்றவர். பின்னர் நம் சென்னை உள்ளிட்ட பல நகரங்களிலும் இந்நிறுவனத்தின் நிலையங்கள் எழுந்தன.

பூங்கா என்றதும் மலரும் புல்வெளியும் நினைவுக்கு வரலாம். உண்மையில் அதன் நெஞ்சமாய் விளங்கியது, வானை நோக்கி நின்ற ஒரு பெரிய வட்டத் தட்டு. செயற்கைக்கோளுடன் பேசும் நிலையத்தை அரசு தன் செலவில் நிறுவி, அதன் தொடர்பைப் பல நிறுவனங்களுக்கும் பங்கிட்டு வாடகைக்கு விட்டது. நொடிக்கு 64 ஆயிரம் பிட்டுகள் செல்லும் வழி அன்றைக்குப் பெரும் வசதி. இன்று உங்கள் கைப்பேசி அதைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு விரைவாகச் செய்தி பெறுகிறது. ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டியது போன்ற செயல் இது. தனித்தனியே கிணறு வெட்டும் செல்வம் எவரிடமும் இல்லாதபோது, பொதுக்கிணறு எத்தனை வயல்களை விளைவித்துவிடும்!

அதனோடு வேறு சில வசதிகளும் சேர்ந்தன. பூங்காத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட நிறுவனம் சுங்க வரியின்றிக் கருவிகளை வரவழைக்கலாம். பல அலுவலகப் படிகளை ஏறி இறங்காமல் ஓரிடத்திலேயே அனுமதி பெறலாம். பூங்கா இருக்கும் வளாகத்துக்குள்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. தம் சொந்த இடத்திலிருந்தே பதிவு செய்துகொள்ளலாம். இதற்கு ஈடாக ஏற்றுமதியால் அந்நியச் செலாவணி ஈட்டித் தரவேண்டும் என்பது கடமை. 1972-இன் அதே முறைதான். ஆனால் கதவு இப்போது அகலத் திறந்தது.

காலமும் துணை நின்றது. 1991-இல் நாட்டின் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதுமானதாய்க் குறைந்து, பொன்னை அடகு வைக்கும் நிலை வந்தது. அதனைத் தொடர்ந்து பொருளாதாரக் கட்டுப்பாடுகள் பல தளர்ந்தன. பத்தாண்டு இறுதியில், ஆண்டினை இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்த பழைய மென்பொருள்கள் 2000-ஆம் ஆண்டில் தடுமாறுமே என்று உலகம் அஞ்சிற்று. கோடிக்கணக்கான வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்த ஆட்கள் தேவைப்பட்டனர். வழியும் கையும் அந்நேரத்தில் நம்மிடம் ஆயத்தமாய் இருந்தன. அமெரிக்காவில் இரவாகும்போது இங்கே பகல். அங்கே மாலையில் விட்ட வேலையை இங்கே காலையில் தொடரலாம் என்பதும் ஒரு நன்மையாயிற்று. 1990-இல் ஏறத்தாழ 13 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி, 2023-24-இல் தொடர்புடைய சேவைகளும் உட்பட ஏறத்தாழ 20,000 கோடி டாலராக வளர்ந்திருக்கிறது. இத்தொழிலில் இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகின்றனர்.

மூன்றாவது, இடம். இங்கே நம் மாநிலத்தின் பங்கு வருகிறது. 1997-இல் தமிழ்நாடு அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும், மின்னணுக் கழகமாகிய எல்காட்டும் கூட்டாகத் தரமணியில் ஒரு பெரும் கட்டடத்தை எழுப்பின. இரண்டு பெயர்களையும் சேர்த்து அதற்கு டைடல் பூங்கா என்று பெயர் வைத்தனர். 2000-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பிரதமர் வாஜ்பாய் அதனைத் திறந்துவைத்தார். ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடிப் பரப்பு, தடையில்லா மின்சாரம், முன்னமே பதிக்கப்பட்ட தொலைத்தொடர்புக் கம்பிகள். நிறுவனம் மேசை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டால் மறுவாரமே வேலை தொடங்கலாம். கல்வி நிலையங்களும் சில அலுவலகங்களும் தவிரப் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்த பழைய மகாபலிபுரம் சாலை, சில ஆண்டுகளில் எப்படி மாறிற்று என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அரசு ஒரு கட்டடத்தைக் கட்டி வழி காட்டியது. பின்னர்த் தனியார் பல கட்டடங்களைக் கட்டினர்.

நான்காவது, தொழில் தெரிந்த கை. நான்கனுள் இதுவே முதன்மையானது; ஆனால் இதற்குத்தான் எவரும் திறப்புவிழா நடத்துவதில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வரலாறு 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்குகிறது. கோவையில் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இலும், மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-இலும், சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1959-இலும் தோன்றின. இவற்றைத் தொடங்கியவர் எவரும் மென்பொருள் ஏற்றுமதியைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. எனினும் அவர்கள் நட்ட மரத்தின் நிழலில்தான் பின்வந்தோர் கடை விரித்தனர். 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவு அளிக்கப்பட்டது. இன்று நம் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 400-க்கும் மேல் உள்ளன. எல்லாம் ஒரே தரத்தவை என்று நான் கூறமாட்டேன். பெயர்ப் பலகை அளவுக்கு ஆய்வுக்கூடம் பெரிதாக இல்லாதவையும் உண்டு. ஆயினும் தகப்பனார் கையொப்பமிடத் தெரியாத வீட்டிலிருந்து பொறியாளர் ஒருவர் புறப்பட்டு வருவது இங்கே புதுமையில்லை என்றாயிற்று. அவ்வாறு வீட்டின் முதல் பட்டதாரியாகும் மாணவருக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை அளிக்கும் திட்டம் 2010 முதல் நடந்துவருகிறது.

நிற்க. இதுவரை நான் கூறியதைக் கேட்டு, அரசு செய்தவை எல்லாம் நலமே என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வரி விலக்கைப் பற்றி என் மாணவன் கேட்டான் அல்லவா? மென்பொருள் பூங்காத் திட்ட நிறுவனங்களின் ஏற்றுமதி இலாபத்துக்கு வருமான வரி விலக்கு 1990-கள் முதல் 2011 மார்ச்சு வரை நீடித்தது. அதன் பின்னும், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் வேறு வடிவில் அது தொடர்ந்தது. இளம் பயிருக்கு வேலி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மரமாகி நிழல் தரும் காலத்திலும் வேலிக்குச் செலவு செய்துகொண்டே இருப்பது சரியா? விலக்கப்பட்ட வரி என்பது வானத்திலிருந்து வந்த பணம் அன்று. ஆசிரியருக்கு ஊதியமாகவும், பள்ளிக்குக் கழிப்பறையாகவும், கிராமத்துக்குச் சாலையாகவும் ஆகக்கூடிய பணம் அது. இவ்விலக்கு இல்லாவிடில் வேலை பிற நாடுகளுக்குப் போய்விடும் என்று வாதிட்டவர்களின் அச்சத்திலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் 2011-க்குப் பின்னும் இத்தொழில் வளர்ந்தே வந்திருக்கிறது என்பதைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அரசுத் துணை எங்கே பயனின்றிப் போகும் என்பதற்கு என் குற்றத்தையே சான்றாகச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியராய் இருந்த பள்ளி ஒன்றுக்கு ஒரு சமயம் பத்துக் கணினிகள் வந்தன. அறையைச் சுண்ணாம்பு அடித்து, சன்னலுக்குக் கம்பி போட்டு, இயந்திரங்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்றினோம். கற்பிக்கும் ஆசிரியர் வரவில்லை. ஒன்று பழுதானால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில், துணி போர்த்தி அறையைப் பூட்டி, சாவியை என் மேசையறையில் வைத்துக்கொண்டேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாரந்தோறும் வந்து சாவி கேட்பாள். நானும் வாரந்தோறும், "ஆசிரியர் வரட்டும் அம்மா" என்பேன். ஒருநாள் அவள், "ஐயா, துணியை எடுத்துப் பார்க்கவாவது செய்யலாமா?" என்று கேட்டாள். அன்றும் நான் திறக்கவில்லை. ஆசிரியர் வந்து சேர்வதற்குள் அவள் பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விட்டாள். அரசு தறியைக் கொடுத்தது. கற்பிக்கும் கையைக் கொடுக்கவில்லை. நடுவில் இருந்த நானோ பதிவேட்டைக் காத்தேன், பிள்ளையைக் காக்கவில்லை. பொருளை அனுப்பிவிட்டால் உதவி முடிந்தது என்று எண்ணும் எந்தத் திட்டத்துக்கும் இக்கதி நேரும்.

இப்போது இத்தொழிலைச் சென்னைக்கு வெளியே கொண்டுசெல்லும் முயற்சி நடைபெறுகிறது. எல்காட் நிறுவனம் மதுரை, கோவை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, ஓசூர் ஆகிய ஊர்களில் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்தது. மைய அரசு, பெருநகரங்களைத் தவிர்த்த ஊர்களில் அயல்பணி நிலையம் தொடங்குவோருக்கு இருக்கை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவி அளிக்கும் திட்டத்தை நடத்தியது. பெண்களுக்கு மிகுதியாக வேலை தந்தால் உதவியும் மிகுந்தது. சிறிய டைடல் பூங்கா என்னும் திட்டத்தில், 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டத்திலும், அவ்வாண்டு செப்டம்பரில் தஞ்சாவூரிலும் சேலத்திலும் புதிய கட்டடங்கள் திறக்கப்பட்டன.

இதன் பொருளை நகரத்து மாணவரைவிடச் சிற்றூர் மாணவர் நன்கு உணர்வர். சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் போக, இளம் பொறியாளர் ஒருவர் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சிறிதே. மகளைத் தொலைவூருக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர். அவ்வீட்டுப் பெண் தஞ்சையிலேயே வேலை பெற்று மாலையில் வீடு திரும்ப முடியுமானால், அவள் படிப்பு வீணாகாது. ஆனால் கட்டடம் எழுப்பினால் மட்டும் வேலை வந்துவிடாது. சில ஊர்ப் பூங்காக்களில் நிலம் பல ஆண்டுகள் நிரம்பாமலே கிடந்ததையும் பார்த்திருக்கிறோம். வேலையைக் கொண்டுவரும் தொழில் முனைவோர், இளைஞரை நடத்தும் அனுபவசாலிகள், நல்ல போக்குவரத்து, குடும்பத்துடன் வாழத்தக்க பள்ளியும் மருத்துவமனையும் ஆகியவை கூடி வந்தால்தான் பூங்கா பூக்கும்.

இன்னும் ஒன்று. கூலி நெசவில் வாழ்ந்த நெசவாளர் குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். விசைத்தறி வந்தபோது எளிய துணி நெய்தவர் முதலில் வேலை இழந்தனர். கடினமான வேலைப்பாடு தெரிந்தவரும், சொந்தமாக நெய்து விற்கக் கற்றவரும், 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவு அமைப்பின் துணை பெற்றவரும் ஓரளவு நிலைத்தனர். இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் விசைத்தறி வந்துவிட்டது. எளிய கட்டளைத் தொகுப்புகளை அதுவே நொடியில் எழுதிவிடுகிறது. சொன்னதை மட்டும் எழுதித் தரும் கைக்கு இனிக் கூலி குறையும். எதை எழுதவேண்டும் என்று சிந்திக்கும் அறிவுக்கு மதிப்புக் கூடும். ஆகவே அரசின் அடுத்த துணை, சதுர அடிக் கணக்கில் அன்றி வகுப்பறைக் கணக்கில் இருக்கவேண்டும் என்பது என் கருத்து. மாணவர்க்குத் தொழில்திறன் பயிற்சி அளிக்க 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் அத்திசையில் ஓர் அடி. ஆனால் கணக்கும் மொழியும் பிழையறக் கற்பிக்கும் ஆறாம் வகுப்பு ஆசிரியரே, எந்தத் திட்டத்துக்கும் அடிக்கல்.

என் மாணவர் இருவருக்கும் நான் பின்னர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது. தொழிலை வளர்த்தது உழைப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் உழைப்பு நடந்துசெல்ல வழி வேண்டியிருந்தது. அரசு எங்கே ஒரு குறிப்பிட்ட தடையைக் கண்டு, அதனை நீக்கி, ஈடாக ஒரு கடமையையும் விதித்ததோ, அங்கே அதன் துணை பலித்தது. எங்கே தேவை தீர்ந்தபின்னும் சலுகையை நீட்டித்ததோ, எங்கே பொருளை அனுப்பி ஆளை மறந்ததோ, அங்கே பொதுப்பணம் பயன் குறைந்தது. மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவனுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்தேன்: "நீ படித்த பள்ளியில் கணினி அறை பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்து வா."

சென்ற மாதம் அவன் போய் வந்தான். அறை திறந்திருக்கிறது என்றும், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தன்னை விடாமல் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டனர் என்றும், அடுத்த மாதமும் வரச் சொல்லியிருக்கின்றனர் என்றும் எழுதியிருக்கிறான்.